இராஜசிங்கத்தின் கையும் அவொக்காத்தோவின் காலும்

இராஜசிங்கத்தின் கையை யாராவது பிடித்துவிட்டால், பிடித்தவராக விடும்வரைக்கும் அவர் இழுக்கமாட்டார். பயமில்லை, கூச்சம். "பிடிச்ச கையை உதறினால் அந்த மனுசன் என்ன நினைக்கும்?" என்று கேட்பார். பெயரைக் கேட்டுச் சிங்கம் மாதிரி ஒருவரை எதிர்பார்த்து வருகிறவர்கள், கதவைத் திறக்கிற அந்தக் கட்டையான மெலிந்த மனிதரின் தலைக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

அவருடைய வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாம் யாரோ ஒருவர் கையைப் பிடித்ததால் நடந்தவைதான். கல்யாணம் அப்படித்தான் நடந்தது. கொழும்பில் பெண்பகுதி மாமா ஒருவர் கையைப் பிடித்து, "தம்பி, எங்கடை வதனி நல்ல பிள்ளை" என்று தொடங்கியவர், "ஓம்" என்ற சொல் வரும்வரை விடவில்லை. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த புதிதில் ஒரு சிஞ்ஞோரா, வேலைக்குப் போன வீட்டு அம்மா, கைகுலுக்கியபடியே நாய்ச் சங்கிலியையும் கைக்குள் வைத்துவிட்டாள். நாய்க்குப் பயந்த இராஜசிங்கம் அடுத்த மூன்று வருடம் தன்னைவிடப் பாரமான நாயொன்றின் பின்னால் ஓடினார். பிறகு கோயில் சபைத் தலைவர் அருளம்பலம். ஒரு நாள் பூசை முடிந்ததும் அவர் இராஜசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கதிரைகளைப் பற்றிக் கதைத்தார். அவர் கையை விட்டபோது மண்டபத்துக் கதிரை முழுவதையும் அடுக்கி வைக்கிற பொறுப்பு இராஜசிங்கத்திடம் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அவர்களெல்லாம் கதைத்து முடிந்ததும் விட்டார்கள். அவொக்காத்தோ அப்படியில்லை.

அவொக்காத்தோ என்றால் வழக்கறிஞர். லிபெர்த்தா வீதியில் நாலாம் மாடியில், முகம் தெரிகிற மாபிள் தரையுள்ள வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். இளமையில் மொந்தெல்லோக் கடலில் துடுப்புப் போட்டியெல்லாம் ஓடியவராம். இப்போது மகளின் பெயர் மறந்துவிட்டது, கரண்டி எதற்கு என்பதும் மறந்துவிட்டது. கை மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. கதிரையிலிருந்து எழுப்புகிற ஆளின் மணிக்கட்டை, பழைய துடுப்பைப் பிடித்த மாதிரிப் பிடிப்பார். பிடித்தபின் விடுவது என்ற பேச்சில்லை. அதில் கோபம் எதுவும் கிடையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் வெளியே பார்ப்பதுபோல, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கம்பிக்கும் வேறு வேலை இருக்கும் என்று அவருக்குத் தோன்றாது.

அவரைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு இராஜசிங்கத்துக்கு முன்னால் நாலு பேர் வந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்தவன் தன்னுடைய உடுப்புப் பையைக்கூட எடுக்காமல் போனான்.

அவொக்காத்தோவின் மகள் ஓர்னெல்லா முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னாள். "ராஜா, எனக்கும் இனி ஏலாது. பாஸ்குவா வரைக்கும் பாப்பம். நீங்கள் சமாளிச்சால் ஒப்பந்தம் எழுதுவம். நீங்களும் போனால் அப்பாவைப் பகேரியாவிலை இருக்கிற முதியோர் இல்லத்திலை விடுறதைத் தவிர எனக்கு வழியில்லை."

இராஜசிங்கத்துக்கும் வேறு வழியில்லை. பாஸ்குவா என்கிற ஈஸ்டர் முடிந்த கையோடு பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் கொஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், போய் நின்றால், ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை, பிடியைத் தவிர. எழுப்பும்போது கிழவரின் கால் மாபிளில் வழுக்கிவிடாமல் தன்னுடைய பாதத்தை அவருடைய பாதத்துக்கு முன்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது கால் பட்டுவிடும். பட்ட உடனே இராஜசிங்கம் குனிந்து அவொக்காத்தோவின் முழங்காலைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொள்வார். எங்களுடைய ஆட்கள் யாருக்காவது கால் பட்டால் செய்கிற அதே காரியம்தான். செய்கிறோம் என்று யோசித்தா செய்கிறோம்? கொட்டாவி மாதிரி அது தன்பாட்டில் வரும். அவொக்காத்தோ அதை ஒவ்வொரு தடவையும் கண் இமைக்காமல் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கையைப் பிடிப்பார்.

முதல் கிழமையே ஒரு நாள், அடுப்பில் மோக்கா கொதித்துப் பொங்கிக் கோப்பி மணம் கருகல் மணமாக மாறிக்கொண்டிருக்கும்போது, இராஜசிங்கத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. மற்றக் கையால் ஒருமாதிரி எடுத்தார்.

"இஞ்சேரப்பா, எங்கை நிக்கிறியள்?" என்றாள் வதனி.

"அவொக்காத்தோவின்ரை கைக்குள்ளை."

"இன்னுமோ? காலமையும் அங்கைதானே நிண்டனீங்கள்?"

"இது வேறை தரம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அவருடைய மணிக்கட்டை வதனி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்காய் நிறத்தில் நாலு விரலும் ஒரு பெருவிரலும் வரைந்துவிட்ட மாதிரித் தெளிவாகக் கிடந்தன.

"நான் மலை ஏறி சாந்தா ரொசாலியாவுக்கு நேத்தி வைச்சது உங்களுக்கு வேலை கிடைக்க. கை முறிய இல்லை. ஒருக்கா உதறி எடுக்கேலாதே?"

"வயசு போன மனுசன், வதனி. என்னெண்டு உதறிறது?"

"அப்ப நாளைக்குக் கையைக் கழட்டி அவரிட்டைக் குடுத்திட்டு வாங்கோ. வீட்டிலை கோப்பையாவது கழுவாமல் தப்பலாம்."

அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தவளும் வதனிதான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் காட் விற்கிற கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு சீனர் இன்னொருவரின் கையைத் துணி பிழிவதுபோல முறுக்குகிற படம். கீழே, 'எந்தப் பிடியிலிருந்தும் விடுதலை. வியாழன் பின்னேரம்.' வியாழன் பின்னேரம்தான் இராஜசிங்கத்துக்கு ஓய்வு. வதனி அதைக் கடவுள் செயல் என்றாள். இராஜசிங்கம், "எனக்கு ஏன் உந்தச் சண்டையெல்லாம்" என்றார். வதனி அவருடைய கையைப் பிடித்தாள். அவர் போனார்.

வகுப்பு, பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடந்தது. ஆசிரியர் மாயெஸ்த்ரோ நீனோ முன்பு தலைமயிர் வெட்டியவர். சீனாவுக்கு ஒரு தடவை போய்வந்தவர், அந்த ஒரு தடவையைப் பற்றி ஒவ்வொரு வியாழனும் கதைப்பவர். அவர் படிப்பித்த கலைக்குச் சின்-நா என்று பெயர். பிடிப்பதும் பூட்டுவதும்தான் அதன் வேலை. அடி உதை குறைவு.

"உடம்பிலை இருக்கிற ஒவ்வொரு மூட்டும் ஒரு கதவு," என்றார் நீனோ. "ஒரு பக்கத்துக்குத் திறக்கும். மற்றப் பக்கம் திறக்காது. திறக்காத பக்கத்துக்கு மெல்லத் தள்ளினால், கதவுக்குப் பின்னாலை இருக்கிற முழு வீடும் சேர்ந்து வரும்."

இராஜசிங்கத்துக்குக் கிடைத்த சோடி கொன்சேத்தா. கபோச் சந்தையில் மத்தி மீன் விற்கிறவள். ஒரு தடவை கடையில் பேர்ஸைப் பறித்தவனை ஐஸ் பெட்டியோடு சேர்த்து விழுத்தியவள். அப்படிப்பட்டவள் ஏன் தற்காப்புப் படிக்க வருகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் தைரியமில்லை. பெரிய மோதிரம் போட்ட தன் கையை அவள் நீட்டியபோது, பிற பெண்ணின் கையைத் தொடுவதா என்று இராஜசிங்கம் நெளிந்தார். கொன்சேத்தா நெளியவில்லை. பிடித்தாள்.

"விலகு!" என்றார் நீனோ.

இராஜசிங்கம் தன் தொடையில் கையால் தட்டினார். வலித்தால் தட்ட வேண்டும், தட்டினால் சோடி விட்டுவிட வேண்டும் என்பது வகுப்பின் விதி. அந்த விதி ஒன்றுதான் அவருக்கு முதல் நாளே முழுதாகப் பிடித்துப்போனது. அதன்பிறகு பிடிக்கிறதுக்கு முன்னமே தட்டத் தொடங்கிவிட்டார்.

"ராஜா, நான் இன்னும் தொடவேயில்லை!" என்பாள் கொன்சேத்தா.

"தொடப்போறீங்கள்தானே."

இருந்தாலும் அவர் படித்தார். நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் தனியே மறுபக்கம். அவை இரண்டும் சந்திக்கிற இடம்தான் பிடியின் வாசல். கையை இழுக்கக்கூடாது, மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த வாசலுக்கு நேரே திருப்பி, முழங்கையை முன்னால் விட்டு, உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். புத்திக்கு நன்றாக விளங்கியது. கால்தான் பிரச்சினை. ஒவ்வொரு பூட்டிலும் காலை எதிராளியின் காலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வைத்தால் படும். பட்டதும் இராஜசிங்கம், பாதி பூட்டிய கையை விட்டுவிட்டு, குனிந்து கொன்சேத்தாவின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். நிமிரும்போது அவள் அவருடைய கழுத்தைப் பிடித்திருப்பாள்.

இதை நாலைந்து தடவை பார்த்ததும், பின்வரிசையில் நின்ற இரண்டு பெடியன்கள், இது சீன வணக்கம் என்று நினைத்துத் தாங்களும் ஒருவரையொருவர் தொட்டு ஒற்றத் தொடங்கினார்கள். மாயெஸ்த்ரோ திரும்பிப் பார்த்தபோது வகுப்பே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

"என்ன இது? ஆர் படிப்பிச்சது?"

எல்லோரும் ராஜாவைக் காட்டினார்கள். இராஜசிங்கம் விளக்கம் சொன்னார். நீனோ தலையில் கைவைத்தார்.

"ராஜா, உன்னைப் பிடிச்சவன் கள்ளன். உன்ரை மாமன் இல்லை. கால் பட்டால் படட்டும். படட்டும் என்ன, வேணுமெண்டே மிதி! பாருங்கோ எல்லாரும். ஒருத்தன் இறுக்கிப் பிடிச்சிருக்கிறான், விடுறானில்லை. முதலிலை அவன்ரை காலை மிதிக்கிறம். அவன்ரை மனம் காலுக்குப் போகும். மனம் கீழை போன நேரம் கை இளகும். அப்ப திருப்பிறம். ம், மிதி."

இராஜசிங்கம் கொன்சேத்தாவின் பெரிய சப்பாத்தைப் பார்த்தார். வேண்டுமென்றே ஒரு மனிசருடைய காலை மிதிப்பதா? அவருடைய கால் எழும்பியது, அந்தரத்தில் நின்றது, பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

"வேறை ஏதும் வழி இல்லையோ, மாயெஸ்த்ரோ?"

ஒரேயொரு பூட்டு மட்டும் அவருக்குச் சொல்லாமலே வந்தது. எதிராளி நெஞ்சுச் சட்டையைப் பிடித்தால், அந்தக் கையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு அப்படியே முன்னால் குனிய வேண்டும். மணிக்கட்டு மடங்கி ஆள் முழங்காலில் இறங்கிவிடுவார். கைகூப்பிக் குனிவது இராஜசிங்கத்துக்குப் புதிதா? அவர் பவ்வியமாகக் குனிந்தார். கொன்சேத்தா, மோதிரமும் மீன் மணமுமாக, தடாலென்று முழங்காலில் இறங்கினாள். வகுப்பு கைதட்டியது. இராஜசிங்கம் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தி, தூசு தட்டி, கீழே கூட்டிப்போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் பயிற்சிக்கு வதனி நின்றாள். அதுதான் அவர் செய்த பிழை. அவர் பல வியாழன் பாடுபட்டுப் படித்ததை அவள் சோறு வடிக்கிற நேரத்துக்குள் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு ரிமோட் இருக்கிற பக்கம் அவருடைய கை போனால் சின்ன விரல் பூட்டுப்பட்டது. இரண்டாம் தரம் பொரித்த மீனுக்குக் கை நீட்டினால் மணிக்கட்டு மடிந்தது.

"விடும், வதனி! தட்டிறனெல்லே!"

"தட்டினால் விடவேணும் எண்டு உங்கடை மாயெஸ்த்ரோதான் சொன்னவர். நான் அங்கை வந்து படிச்சனானே?"

வேலைத்தலத்தில் கதை வேறுமாதிரி ஓடியது. பெருவிரல் வாசல் வழியாக இராஜசிங்கம் கையைத் திருப்பி எடுத்த முதல் நாள், அவொக்காத்தோவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கிழவருக்கு விளையாட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அடுத்த தடவை இரண்டு கையாலும் பிடித்தார். இரண்டு கையிலும் இரண்டு பெருவிரல், எந்த வாசலால் போவது? ஒரு நாள் மணிக்கட்டை விட்டு நெஞ்சுச் சட்டையைப் பிடித்தார். இராஜசிங்கத்தின் இரண்டு கையும் தன்பாட்டில் எழுந்து அந்தக் கையைப் பொத்தின. குனியத் தொடங்கியவர் பாதியில் நின்றார். தன் உள்ளங்கைக்குள் கிடந்த மணிக்கட்டு, காகிதம் சுற்றிய கோழி எலும்பு மாதிரி இருந்தது. பிடிக்கிற பலம் முழுக்க விரல்களில். அதற்குப் பின்னால் இருந்தது வெறும் கிழவர். குனிந்தால் அது முறியும்.

அவர் நிமிர்ந்தார். சட்டையைக் கிழவரின் கையிலேயே விட்டுவிட்டு, மதியம்வரை அங்கேயே நின்றார். சின்-நாவில் இருக்கிற பூட்டெல்லாம் கடைசியில் நோவில்தான் முடிகின்றன, நோகாத பூட்டு ஒன்று வேண்டும் என்று அந்த நேரம் முழுக்க யோசித்தார். ஒன்றும் வரவில்லை.

அது தானாக வந்தது, பாஸ்குவாவுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால். அன்றைக்கு அவொக்காத்தோ பிடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. இராஜசிங்கம் அடுக்களைப் பக்கம் ஒரு எட்டு வைத்துப் பார்த்தார். கிழவரும் கூடவே ஒரு எட்டு வைத்தார். அவருடைய சிலிப்பர் நேரே இராஜசிங்கத்தின் பாதத்துக்கு மேல் இறங்கியது.

அவொக்காத்தோ குனிந்து பார்த்தார். தன் கால், அதற்குக் கீழே இன்னொரு கால். ஏதோ ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. இரும்புப் பிடி திறந்தது. திறந்த கையை நீட்டி இராஜசிங்கத்தின் தோளைத் தொட்டு, தன் இரண்டு கண்களிலும் மரியாதையாக ஒற்றிக்கொண்டார்.

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. விடுபட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் இராஜசிங்கம் அங்கேயே நின்றார். மெல்லக் காஸை மூடிவிட்டு வந்து, வேண்டுமென்றே கையைக் கொடுத்தார். கிழவர் பிடித்தார். இராஜசிங்கம் பாதத்தைச் சிலிப்பருக்குக் கீழே நகர்த்தினார். கிழவர் விட்டார், தொட்டார், ஒற்றினார். மற்றவனின் காலை மிதிக்கச் சொன்னார் மாயெஸ்த்ரோ. மிதி வாங்கினாலும் மனம் கீழேதான் போகிறது!

பின்னேரம் வதனிக்குச் சொன்னார். அவள் சிரித்து முடிய நேரம் எடுத்தது.

"அப்ப இண்டைக்கே அந்த மகளுக்குச் சொல்லுங்கோவன். பிரச்சினை முடிஞ்சுதெண்டு."

"என்னெண்டு சொல்லிறது? பெரிய அவொக்காத்தோ. எத்தினை நீதிபதிமாருக்கு முன்னாலை நிமிந்து நிண்ட மனுசன். வீட்டிலை வேலை செய்யிற எனக்குக் குனிஞ்சு கும்பிடுறார் எண்டு மகள் கண்டால் என்ன நினைப்பா? நான்தான் பழக்கினனான் எண்டு நினைக்கமாட்டாவோ?"

"நீங்கள்தானே பழக்கினனீங்கள்!"

"அது தெரிஞ்சு செய்ததில்லை."

ஆகவே அவர் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததன் விளைவு சீக்கிரமே படியேறி வந்தது. ஓர்னெல்லா, இராஜசிங்கத்தின் மணிக்கட்டில் மிச்சமிருந்த நீலத்தைப் பார்த்து, இவரும் போகப்போகிறார் என்று முடிவுகட்டிவிட்டாள். பாஸ்குவாக் கிழமை செவ்வாய்க்கிழமை, பகேரியா இல்லத்தின் பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சும்மா ஒருக்கா அப்பாவைப் பாத்திட்டுப் போக வந்தவ," என்றாள் இராஜசிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல்.

இராஜசிங்கத்துக்கு ஒப்பந்தம், பெர்மெசோ எல்லாம் மாபிளில் வழுக்கிக்கொண்டு வாசல்பக்கம் போவது தெரிந்தது.

பொறுப்பாளர் சிஞ்ஞோரா வாசனையும் கூர்ச்சப்பாத்துமாக, அவொக்காத்தோவுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குழந்தைகளோடு கதைக்கிற குரலில், "எங்கை, அவொக்காத்தோ, உங்கடை கையைத் தாங்கோ பாப்பம்" என்றாள்.

"சிஞ்ஞோரா, வேண்டாம்..." என்று இராஜசிங்கம் தொடங்கினார்.

அவொக்காத்தோ கேட்டதைக் கொடுத்தார்.

முதலில் சிஞ்ஞோரா சிரித்தாள். "நல்ல பலம்!" என்றாள். பிறகு சிரிப்பு ஒரு பக்கமாக நின்றது. பிறகு, "ஓர்னெல்லா, கொஞ்சம் சொல்லுங்கோ, விடச் சொல்லுங்கோ" என்றாள். ஓர்னெல்லா, "அப்பா, விடுங்கோ" என்று அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்த்தாள். ஒன்றைக் கழற்றினால் மற்றது முந்தியதைவிட இறுகியது. சிஞ்ஞோராவின் வளையல் சதைக்குள் புதைந்தது. "என்ரை கை! என்ரை கை!" என்றாள். அவொக்காத்தோ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜா! ஏதும் செய்யுங்கோ!"

வாழ்க்கையில் முதல் தடவையாக இராஜசிங்கம் சண்டைக்காரன் மாதிரி நின்றார். பாதத்தை அகட்டினார். முழங்காலை மடக்கினார். "சிஞ்ஞோரா, கையை இழுக்காதேங்கோ. இஞ்சை பெருவிரல் பக்கம்தான் வாசல். முழங்கையை முன்னாலை விடுங்கோ. நான் சொல்லேக்கை திரும்புங்கோ. ம்!"

சிஞ்ஞோரா திரும்பினாள். கிழவரின் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. மற்றக் கையையும் போட்டுப் பிடித்தார்.

"ஐயோ!" என்றாள் சிஞ்ஞோரா. "இவர் என்ன செய்யிறார்? ரெண்டு பேரும் சேர்ந்து பிடிக்கிறாங்கள்!"

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. இராஜசிங்கம் தரையில் முழங்காலிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, சிஞ்ஞோராவின் கணுக்காலைப் பிடித்தார்.

"இப்ப காலையும் பிடிக்கிறான்!"

"ராஜா, உங்களுக்கு விசரோ?" என்றாள் ஓர்னெல்லா.

இராஜசிங்கம் ஒரு கையால் அவொக்காத்தோவின் சிலிப்பரைக் கொஞ்சம் உயர்த்தினார். மற்றக் கையால் அந்தக் கூர்ச்சப்பாத்தைக் கீழே தள்ளினார். சிலிப்பரைப் பக்குவமாக அதற்கு மேல் இறக்கிவிட்டு, காலிலிருந்து கையை எடுத்தார்.

அவொக்காத்தோ யன்னலிலிருந்து திரும்பினார். கீழே பார்த்தார். புருவம் உயர்ந்தது. இரண்டு கையும் ஒன்றாகத் திறந்தன. அவர் முன்னால் சாய்ந்து, சிஞ்ஞோராவின் முழங்காலை விரல் நுனியால் தொட்டு, தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு மறுபடி யன்னலைப் பார்த்தார்.

சிஞ்ஞோரா கதிரையை விட்டெழும்பி வாசல்பக்கம் ஒதுங்கினாள்.

"அப்பா இப்ப என்ன செய்தவர்?" என்று ஓர்னெல்லா கேட்டாள்.

இராஜசிங்கம் முழங்காலில் நின்றபடியே சொன்னார். "மன்னிப்புக் கேட்டவர், சிஞ்ஞோரா. கால் பட்டால் நாங்கள் அப்பிடித்தான் கேக்கிறது. என்னைப் பாத்துப் பழகிப்போட்டார். நான் வேணுமெண்டு பழக்கேல்லை. என்னிலை பிழைதான்."

"மன்னிப்போ?" ஓர்னெல்லா தகப்பனைப் பார்த்தாள். "என்ரை அப்பாவோ? இந்த மனுசன் பிறந்ததிலையிருந்து ஒருத்தரிட்டையும் மன்னிப்புக் கேட்டதில்லை. என்ரை கல்யாணத்துக்கு வராமல் விட்டிட்டுக்கூட, நான்தான் நாளை மாறி வைச்சனான் எண்டு சொன்னவர்."

அவள் தன் சப்பாத்தைக் கழற்றினாள். சிஞ்ஞோரா இருந்த கதிரையில் உட்கார்ந்து, வெறும் பாதத்தைத் தகப்பனின் சிலிப்பருக்குக் கீழே மெல்ல வைத்தாள். அவொக்காத்தோ குனிந்து பார்த்தார். மகளின் முழங்காலைத் தொட்டார். கண்ணில் ஒற்றினார்.

ஓர்னெல்லா காலை எடுத்தாள். பிறகு, "இன்னொருக்கா," என்று காலை மறுபடி வைத்தாள்.

பொறுப்பாளர் சிஞ்ஞோரா வாசலில் நின்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்கடை இல்லத்திலை நாப்பது பேர் இருக்கினம்," என்றாள். "வேலை செய்யிறவை எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு இருக்கேலாது. மன்னிக்கவேணும், இவரை எங்களாலை எடுக்கேலாது." சொன்னவள் கைகுலுக்காமல் போனாள்.

லிப்ட் இறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் ஓர்னெல்லா கேட்டாள். "ராஜா, நீங்கள் நிப்பீங்களோ? பாஸ்குவா முடிய ஒப்பந்தம் எழுதுவம்."

"ஓம், சிஞ்ஞோரா. ஆனால் வியாழன் பின்னேரம் எனக்கு வகுப்பு இருக்கு."

ஒப்பந்தம் எழுதின பிறகு வந்த வியாழன், அவர் கண்டுபிடித்ததை மாயெஸ்த்ரோவுக்குச் சொன்னார். நோகாத பூட்டு என்று கேட்டதும் நீனோவின் கண் விரிந்தது. சீனாவில்கூட இதைக் காணவில்லை என்று சொல்லி, வகுப்பு முழுவதையும் சுற்றி நிற்க வைத்தார். கொன்சேத்தா இராஜசிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் பெருமையோடு தன் பாதத்தை அவளுடைய சப்பாத்துக்குக் கீழே கொண்டுபோனார்.

கொன்சேத்தா அதன்மேல் ஏறி நின்றாள்.

"சரி," என்றாள். "இனி?"

இராஜசிங்கம் தொடையில் தட்டினார். நிறையத் தரம் தட்டினார்.

நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "கை முடிஞ்சு இப்ப காலோ?" என்றாள் வதனி. வாளியில் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாள். "எல்லாருக்கும் உது சரிவராதப்பா. கால் பட்டால் கூசிற ஆக்களுக்குத்தான் சரிவரும்."

இராஜசிங்கம் சுடுதண்ணிக்குள் காலை வைத்துக்கொண்டு அதை யோசித்தார்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் பூசை முடிந்து, ஆட்கள் சோற்றுக் கோப்பையோடு இருந்தார்கள். இராஜசிங்கம் கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது அருளம்பலம் வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"தம்பி ராசசிங்கம், ஒரு சின்ன விசயம். கதிரை அடுக்கிறதிலை உன்னை மாதிரி ஒருத்தர் இல்லை. அதுதான் யோசிச்சனான், வாற திருவிழாவுக்குப் பந்தலையும்..."

இராஜசிங்கம் அவருடைய கையைப் பார்த்தார். நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் ஒரு பக்கம். பிறகு கீழே பார்த்தார். மண்டபத்துக்குள் எல்லோரும் வெறுங்கால். இராஜசிங்கம், கதையை வலு கவனமாகக் கேட்கிறவர் மாதிரித் தலையாட்டிக்கொண்டே, நொந்த காலை விட்டு மற்றக் காலை முன்னால் நகர்த்தினார். அருளம்பலம் பந்தலின் நீளத்தைக் காட்ட ஒரு எட்டு வைத்தார்.

"அட, தம்பி, பட்டிட்டுது!"

தலைவர் பதறிக் கையை விட்டார். குனிந்தார். தொட்டார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

இராஜசிங்கம் அதற்குள் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.